டீசல் இன்ஜின் இன்டேக்கில் கரியும் எண்ணெயும்: கண்டறிவது முதல் சுத்தம் செய்து மாட்டுவது வரை

டீசல் இன்ஜினின் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் காய்ந்த கரி மட்டும் வந்தால் பெரும்பகுதி காற்றோடு போய்விடும். எண்ணெய் மட்டும் வந்தால் மெல்லிய ஈரமாக இருந்து, கொஞ்சம் கொஞ்சமாக எரிந்துபோகும். இரண்டும் ஒரே இடத்தில் சேரும்போதுதான் கண்மை பதத்தில் ஒரு பசை உருவாகிறது. சூட்டில் அது இறுகி, அடுக்கடுக்காக வளர்ந்து, கடைசியில் கத்தி வைத்துச் சுரண்டினாலும் சிரமப்பட்டே பெயரும். எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் கரியை மட்டும் சுரண்டிவிட்டு மாட்டினால், செய்த வேலை வீண். அதனால் இந்த வழிகாட்டியில் எண்ணெயைத் தேடும் வேலை முன்னால் வருகிறது, சுத்தம் செய்வது அதன் பிறகு.

படிவு எப்படி உருவாகிறது

நைட்ரஜன் ஆக்ஸைடுகளைக் குறைக்க, எக்ஸாஸ்ட் வாயுவில் ஒரு பகுதியை ஈஜிஆர் வால்வு திரும்ப இன்டேக்குக்கு அனுப்புகிறது. லேசான லோடில், சில இன்ஜின்களில் சிலிண்டருக்குள் போவதில் பாதி வரைகூட இந்த வாயுவாக இருக்கலாம். புகைக்கரி வருவது இந்த வழியாகத்தான்.

எண்ணெய் வருவது கிராங்க்கேஸிலிருந்து, அதாவது சிலிண்டர்களுக்குக் கீழே கிராங்க் சுழலும் அறையிலிருந்து. பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே கசியும் வாயு எண்ணெய்த் துளிகளை ஏந்திக்கொண்டு பிரீதர் ஹோஸ் (அந்த அறையின் வாயுவை வெளியேற்றும் குழாய்) வழியாக டர்போவின் வாய்க்கு வருகிறது. அங்கிருந்து இன்டர்கூலரைக் கடந்து, த்ராட்டில் பிளாப்புக்கு (காற்று வழியைத் திறந்து மூடும் தகடு) பின்னால் ஈஜிஆர் வாயுவைச் சந்திக்கிறது. எந்த மேனிஃபோல்டைத் திறந்தாலும் ஈஜிஆர் குழாய் வந்து சேரும் அந்த வளைவில்தான் படிவு அதிகம் இருக்கும்.

இன்ஜின் சூடேறாமல் ஓடினால் நிலைமை மோசமாகும். குளிர்ந்த வாயுவில் எரியாத ஹைட்ரோகார்பன்களும் நீராவியும் சுவரில் படிந்து கரியைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. குட்டி ஓட்டங்கள், மணிக்கணக்கான ஐட்லிங், திறந்தபடி சிக்கிய தெர்மோஸ்டாட் ஆகிய மூன்றும் இதற்கு வழி செய்கின்றன. தெர்மோஸ்டாட்டை யாரும் சந்தேகிப்பதில்லை. இன்ஜின் நன்றாக ஓடிய பிறகும் ஸ்கேனரில் கூலண்ட் வெப்பம் 70 டிகிரியிலேயே நின்றால் முதலில் அதை மாற்றுங்கள்.

பரவலான இரண்டு நம்பிக்கைகளை இங்கேயே ஒதுக்கிவிடலாம். டேங்கில் ஊற்றும் கிளீனர் இன்டேக்கைச் சுத்தம் செய்யாது. டீசல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது, இன்டேக் வால்வின் முதுகில் ஒரு துளிகூடப் படுவதில்லை. அந்த திரவத்தால் இன்ஜெக்டருக்கு வேண்டுமானால் பலன் இருக்கலாம். அதேபோல, அதிக ஆர்பிஎம்மில் ஓட்டினால் கரி எரிந்துபோகும் என்பதும் இன்டேக்குக்குப் பொருந்தாது. கேட்டலிஸ்ட் துணையில்லாமல் புகைக்கரி எரிய ஏறத்தாழ 550–600 டிகிரி வேண்டும். இன்டேக் அந்தச் சூட்டின் பக்கத்தில்கூட வராது. அப்படி ஓட்டுவது டிபிஎஃப்புக்கும் (எக்ஸாஸ்ட்டில் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) டர்போவின் வேன்களுக்கும் (எக்ஸாஸ்ட் ஓட்டத்தைத் திருப்பும் இதழ்கள்) நல்லது, அவ்வளவுதான்.

அடைப்பு எவ்வளவு பாதிக்கும் என்பதற்கு ஒரு கணக்கு. 40 மி.மீ. விட்டமுள்ள போர்ட்டில் (சிலிண்டருக்குக் காற்று நுழையும் வழி) சுற்றிலும் 5 மி.மீ. படிந்தால் மிஞ்சுவது 30 மி.மீ. விட்டம். பரப்பளவில் பார்த்தால் காற்றுக்கான வழி 56 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. எல்லா போர்ட்டிலும் ஒரே அளவில் படியாது என்பதால், ஒரு சிலிண்டர் மூச்சுத் திணற இன்னொன்று சரியாக ஓடும். ஐட்லிங் நடுக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

கழற்றும் முன் உறுதி செய்வது

பிக்கப் குறைவு, ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் கறுப்புப் புகை, குறைந்த ஆர்பிஎம்மில் திணறல், டிபிஎஃப் தன்னில் சேர்ந்த கரியை எரிக்க அடிக்கடி ரீஜெனரேஷனுக்குப் போவது என்று அறிகுறிகள் பல. ஆனால் இன்ஜெக்டர் பழுதும் டர்போ ஹோஸ் கிழிசலும் இதே அறிகுறிகளைத்தான் காட்டும். எரர் கோடுகளில் பி0401 என்றால் ஈஜிஆர் ஓட்டம் போதவில்லை, பி0402 என்றால் அதிகம், பி0299 என்றால் டர்போ அழுத்தம் குறைவு. கோடை மட்டும் நம்பிப் பாகத்தை மாற்றாதீர்கள். ஸ்கேனரில் சென்சார்கள் அந்த நேரத்தில் காட்டும் அளவுகளை, அதாவது லைவ் டேட்டாவைப் பாருங்கள்.

1. சாவி ஆன், இன்ஜின் ஆஃப். மேனிஃபோல்ட் அழுத்த சென்சாரான மேப் சென்சார், வளிமண்டல அழுத்தத்தையே காட்ட வேண்டும். கடல்மட்டத்தில் அது ஏறத்தாழ 100 கிலோபாஸ்கல். இரண்டு மூன்றுக்கு மேல் விலகினால் சென்சார் முனையில் கரி மூடியிருக்கலாம், அல்லது சென்சாரே கெட்டிருக்கலாம்.

2. இன்ஜின் முழுச் சூட்டில், ஐட்லிங்கில், ஸ்கேனரால் ஈஜிஆர் வால்வை மூடச் சொல்லி உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஃப் சென்சார் காட்டும் காற்றளவைக் கவனியுங்கள். 2.0 லிட்டர், நான்கு சிலிண்டர் என்றால் ஒரு சிலிண்டர் 500 சி.சி. சாதாரண வெப்பத்தில் ஒரு லிட்டர் காற்று சுமார் 1.2 கிராம். எனவே முழுதாக நிரம்பினால் ஒரு ஸ்ட்ரோக்குக்கு 600 மில்லிகிராம். நடைமுறையில் 450–550 வந்தால் நல்லது. வால்வைத் திறக்கச் சொன்னதும் அளவு தெளிவாகக் கீழே இறங்க வேண்டும்.

3. திறந்தாலும் மூடினாலும் அளவு மாறவே இல்லையென்றால் ஈஜிஆர் வால்வு சிக்கியிருக்கிறது அல்லது அதன் வழி அடைபட்டிருக்கிறது. மாறுகிறது, ஆனால் மூடியபோதும் அளவு குறைவாகவே நிற்கிறது என்றால், இன்டேக் அடைப்பு, வால்வு முழுதாக மூடாதது, மாஃப் சென்சார் அழுக்கு ஆகிய மூன்றில் ஒன்று.

பல இன்ஜின்களில் சில நிமிடம் ஐட்லிங் ஓடியதும் கம்ப்யூட்டர் தானாகவே ஈஜிஆரை மூடிவிடும். அது தெரியாமல் பார்த்தால் வால்வு செத்துவிட்டதாகத் தோன்றும். ஒருமுறை ஆக்ஸிலரேட்டரைத் தட்டிவிட்டு மறுபடி பாருங்கள். எண்களைக் குறித்து வையுங்கள், வேலை முடிந்ததும் ஒப்பிடத் தேவைப்படும்.

கடைசியாக, மேப் சென்சாரையோ த்ராட்டில் வாயில் இருக்கும் ஹோஸையோ கழற்றி, போர்ஸ்கோப் (மெல்லிய குழாய்க் கேமரா) விட்டுப் பாருங்கள். 1 மி.மீ. அளவுக்குப் படிவு இருந்தால் அதை விட்டுவிடலாம். அது எல்லா டீசலிலும் இருக்கும்.

எண்ணெயின் மூலத்தைத் தேடுவது

முதலில் இன்டர்கூலரின் அடிமட்ட ஹோஸைக் கழற்றுங்கள். உள்சுவர் ஈரமாக இருப்பதும், சாய்த்தால் சில சொட்டுகள் விழுவதும் சாதாரணம். ஊற்றுமளவுக்குத் தேங்கியிருந்தால் ஆபத்து. அந்த எண்ணெய் ஒரே இழுப்பில் சிலிண்டருக்குப் போனால் இன்ஜின் அதையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு கட்டுப்பாடில்லாமல் ஓடத் தொடங்கும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது, ஏனென்றால் சாவி நிறுத்துவது இன்ஜெக்டரை மட்டும்தான்.

அடுத்து கிராங்க்கேஸ் அழுத்தம். இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம். ஒளி ஊடுருவும் குழாயை யூ வடிவில் பலகையில் கட்டி, பாதி நீர் ஊற்றினால் போதும். ஒரு சென்டிமீட்டர் நீர்மட்ட வேறுபாடு ஏறத்தாழ 1 மில்லிபார். பழைய ஆயில் மூடி ஒன்றில் துளையிட்டு நிப்பிள் பொருத்தி அங்கே இணையுங்கள். டிப்ஸ்டிக் குழாயில் இணைப்பதைவிட இது நல்லது. சில இன்ஜின்களில் அந்தக் குழாயின் அடி எண்ணெய்க்குள் மூழ்கியிருக்கும், அளவு தப்பாக வரும்.

ஐட்லிங்கில் நீர்மட்டம் சமமாகவோ, உள்ளே லேசாக இழுத்தபடியோ நிற்க வேண்டும். பல சென்டிமீட்டர் வெளியே தள்ளி, ஆர்பிஎம் கூடக் கூட அதுவும் கூடினால் கோளாறு உறுதி. அப்போது பிரீதர் ஹோஸைக் கழற்றித் திறந்துவிடுங்கள். அழுத்தம் விழுந்து, வாயு மெல்ல வந்தால் எண்ணெய் பிரிப்பானோ ஹோஸோ அடைத்திருக்கிறது. மாற்றினால் முடிந்தது. திறந்த ஹோஸிலிருந்து வாயு விடாமல் பீறிட்டால் ரிங் தேய்மானம். கம்ப்ரெஷன் டெஸ்ட் செய்யாமல் இன்டேக்கைத் தொட வேண்டாம்.

டர்போவையும் பார்த்துவிடுங்கள். கம்ப்ரெஸர் சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் மிகச் சிறிய அசைவு இருக்கும், அது இயல்பு. சக்கரம் ஹவுசிங்கைத் தொடக்கூடாது. முன்னும் பின்னும் இழுத்தால் கைக்குத் தெரியும் அசைவு இருக்கக்கூடாது. ஆனால் அசைவு சரியாக இருந்தும் எண்ணெய் வருகிறது என்றால் டர்போ மேல் பழி போடாதீர்கள். கிராங்க்கேஸில் அழுத்தம் கூடினால் டர்போவின் எண்ணெய் கீழே வடிய முடியாமல் சீல் வழியாக வெளியேறும். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலும் கம்ப்ரெஸர் வாயில் உறிஞ்சல் கூடி எண்ணெயை இழுக்கும். புது டர்போ போட்டும் எண்ணெய் நிற்காத வண்டிகளில் காரணம் பெரும்பாலும் இதுதான்.

தேவையான பொருட்கள்

இன்டேக் மேனிஃபோல்ட் கேஸ்கெட் தொகுதி, ஈஜிஆர் வால்வின் இரண்டு பக்க கேஸ்கெட், த்ராட்டில் பாடி ஓ-ரிங், மேப் சென்சார் ஓ-ரிங் எல்லாம் புதிதாக வேண்டும். பழைய கேஸ்கெட்டைத் திரும்பப் போட்டால் பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) கசியும். ஈஜிஆர் கூலரைக் கழற்றுவதாக இருந்தால் கூலண்டும் வாங்குங்கள்.

கரைப்பான்களில் த்ராட்டில் கிளீனர் ஸ்ப்ரே இரண்டு மூன்று டப்பா, ஊறவைக்க 5 லிட்டர் மண்ணெண்ணெய் அல்லது டீசல், அலுமினியத்துக்கு ஏற்றது என்று லேபிளில் எழுதியிருக்கும் நீரில் கரையும் டிகிரீஸர். காஸ்டிக் சோடா வேண்டாம், அது உள்ள அடுப்பு கிளீனரும் வேண்டாம். கரியோடு சேர்த்து அலுமினியத்தையும் அது அரித்துவிடும்.

நைட்ரைல் கையுறை, கண்ணாடி, முகமூடி கட்டாயம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை டீசல் புகையை 2012இல் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்தது. காய்ந்த கரித்தூளைக் காற்றடித்து ஊதிக்கொண்டு வேலை செய்யக்கூடாது.

கழற்றுவது

இன்ஜின் முழுதாக ஆறட்டும். சாவியை ஆஃப் செய்து சில நிமிடம் கழித்து பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். ஆஃப் செய்த பின்னும் த்ராட்டிலும் ஈஜிஆரும் தங்கள் எல்லைகளைச் சரிபார்த்துக்கொண்டு இருக்கும், பாதியில் மின்சாரத்தை வெட்டாதீர்கள்.

ஒவ்வொரு ஹோஸும் கனெக்டரும் கழற்றும் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மேனிஃபோல்டுக்கு முன்னால் இன்ஜெக்டர் குழாய்கள் குறுக்கே இருந்தால் அதிகக் கவனம் தேவை. இன்ஜின் ஓடும்போது காமன் ரெயிலில் (எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் தரும் பொதுக் குழாய்) 1,600 பாருக்கு மேல் அழுத்தம் ஏறக்கூடும். ஓடும் இன்ஜினில் நட்டைத் தொடவே கூடாது. கழற்றிய குழாய், ரெயில், இன்ஜெக்டர் வாய்களை உடனே சுத்தமான மூடியால் அடையுங்கள். ஒரு மணல் துகள் போதும், இன்ஜெக்டர் போய்விடும். அந்தக் குழாய்களைத் திரும்பப் பயன்படுத்தலாமா என்று உங்கள் இன்ஜினின் கையேட்டில் பாருங்கள். புதிதாகப் போடச் சொல்லும் தயாரிப்பாளர்கள் பலர்.

மேனிஃபோல்டை எடுத்ததும் எல்லா போர்ட்டையும் துணியால் அடையுங்கள். துணியில் நூல் கட்டி வெளியே தொங்க விடுங்கள், எத்தனை துணி வைத்தீர்கள் என்று எழுதி வையுங்கள்.

வெளியே எடுத்த பாகங்கள்

மேனிஃபோல்டில் உள்ள சென்சார், மோட்டார், ரப்பர் சீல் எல்லாவற்றையும் முதலில் எடுத்துவிடுங்கள். மண்ணெண்ணெயில் ரப்பர் ஊதிப்போகும். தடித்த படிவை மர அல்லது பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்த பின், ஓர் இரவு ஊறவையுங்கள். மறுநாள் பெரும்பகுதி பிரஷ்ஷுக்கே வரும். பிறகு டிகிரீஸரும் வெந்நீரும். மேனிஃபோல்ட் பிளாஸ்டிக் என்றால் கை பொறுக்கும் சூடு போதும், கேஸ் டார்ச்சை அதன் பக்கம் கொண்டுவராதீர்கள். முழுதாகக் காய்ந்ததும் டார்ச் விளக்கைப் பிடித்து ஒவ்வொரு வழியும் தெரிகிறதா என்று பாருங்கள்.

சுழல் பிளாப் (காற்றைச் சுழலவிடும் தகடு) உள்ள மேனிஃபோல்ட் என்றால் ஒவ்வொரு பிளாப்பின் அச்சையும் திருகையும் ஆட்டிப் பாருங்கள். லூசான பிளாப் உடைந்து சிலிண்டருக்குள் விழுந்தால் பிஸ்டனும் வால்வும் போகும். தேய்ந்த இணைப்புக் கம்பியோடு சுத்தமான மேனிஃபோல்டை மாட்டுவதில் அர்த்தமில்லை.

ஈஜிஆர் வால்வை மோட்டார் மேலே, வால்வு கீழே இருக்கும்படி பிடித்துக்கொண்டு ஸ்ப்ரே அடியுங்கள். கரைப்பான் மோட்டாருக்குள் இறங்கினால் பல்சக்கரத்தின் கிரீஸ் கரைந்துவிடும். வால்வு அமரும் விளிம்பில் ஒரு துணுக்குக் கரி இருந்தாலும் முழுதாக மூடாது. அந்த விளிம்பை மட்டும் பொறுமையாகச் செய்யுங்கள். மின்மோட்டார் வால்வையும் த்ராட்டில் பிளாப்பையும் கையால் வலுக்கட்டாயமாகத் திருப்ப வேண்டாம். வேக்கம் வகை என்றால் கைப்பம்ப்பால் 0.5 பார் உறிஞ்சிப் பிடித்துப் பாருங்கள். வால்வு தூக்கி அப்படியே நிற்க வேண்டும். இறங்கினால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது.

ஈஜிஆர் கூலரின் உட்புறம் ஒரே சீராகக் கறுப்பாக இருக்க வேண்டும். ஒரு மூலை மட்டும் கழுவிவிட்டதுபோல் பளிச்சென்று இருந்தால் கூலண்ட் கசிகிறது என்று பொருள். கூலண்ட் பக்கத்தை அடைத்து, 1 பார் காற்று கொடுத்து நீருக்குள் அமிழ்த்துங்கள். குமிழி வந்தால் கூலரை மாற்றுவது தவிர வேறு வழியில்லை.

மேப் சென்சாரை ஸ்ப்ரேயால் நனைத்துத் தானாகக் காய விடுங்கள், ஊசியோ காற்றோ வேண்டாம். மாஃப் சென்சாருக்கு அதற்கென்று உள்ள கிளீனர் மட்டும்.

போர்ட்டும் வால்வும்

இதுதான் தவறு நடக்கும் இடம். சுரண்டிய கரி, திறந்திருக்கும் வால்வு வழியாக சிலிண்டருக்குள் விழக்கூடாது. 1-3-4-2 வரிசையில் எரியும் நான்கு சிலிண்டர் இன்ஜினில் இரண்டே நிலைகளில் வேலையை முடிக்கலாம்.

முதல் சிலிண்டரைக் கம்ப்ரெஷன் ஸ்ட்ரோக்கின் மேல் எல்லைக்குக் கொண்டுவாருங்கள். அப்போது முதல் சிலிண்டரின் இன்டேக் வால்வுகள் மூடியிருக்கும். சற்று முன் எரிந்து முடித்த இரண்டாவது சிலிண்டரிலும் அப்படியே. இந்த நிலையில் 1, 2 ஆகியவற்றின் போர்ட்டுகளைச் சுத்தம் செய்யுங்கள். பிறகு கிராங்கை ஒரு முழுச் சுற்று சுற்றினால் 4, 3 இரண்டும் மூடும். கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, இன்ஜின் இயல்பாகச் சுழலும் திசையில் மட்டும் சுற்றுங்கள். நிலை சரியா என்று பார்க்க, போர்ட்டில் இரண்டு தேக்கரண்டி கரைப்பான் ஊற்றி ஐந்து நிமிடம் விடுங்கள். மட்டம் இறங்காவிட்டால் மூடியிருக்கிறது.

கையால் செய்வதென்றால் கரைப்பான் ஊற்றி அரை மணி நேரம் ஊறவிட்டு, நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, சிறு குழாய் பொருத்திய உறிஞ்சியால் எடுத்துவிட வேண்டும். மூன்று நான்கு சுற்று ஆகும். தீப்பிடிக்கும் ஆவியைச் சாதாரண வீட்டு வேக்கம் கிளீனரால் உறிஞ்சாதீர்கள். சிரிஞ்சும் துணியும் போதும், அல்லது காற்றில் இயங்கும் உறிஞ்சி.

வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தில் அடிப்பது இதைவிட வேகமானது, சுத்தமும் அதிகம். ஓடு கரியைப் பெயர்க்கும், உலோகத்தைக் கீறாது. சுமார் 1 மி.மீ. பருமனுள்ள தூள், 6–8 பார் காற்று, போர்ட்டோடு இறுக்கமாகப் பொருந்தும் அடாப்டர், அதில் இணைந்த வேக்கம் வேண்டும். போர்ட் முழுதாகக் காய்ந்திருந்தால்தான் இது வேலை செய்யும். ஈரம் இருந்தால் தூளும் கரியும் சேர்ந்து புதுப் பசையாகிவிடும். மணல் அடிப்பது கூடவே கூடாது. ஒரு துகள் சிலிண்டருக்குள் போனாலும் சுவரைக் கீறிவிடும்.

கழற்றாமல், ஓடும் இன்ஜினில் ஸ்ப்ரே அடிக்கும் முறை மெல்லிய படிவுக்கு, டீசலுக்கென்று தயாரித்த பொருளாக இருந்தால், அதன் குறிப்புப்படி செய்தால் ஏதோ பலன் தரும். தடித்த படிவில் நான் பரிந்துரைக்க மாட்டேன். பெட்ரோல், பிரேக் கிளீனர் போன்றவற்றை ஓடும் டீசலின் இன்டேக்கில் அடிப்பது இன்ஜினைக் கட்டுமீறி ஓடவிடும் வழி. அப்படி ஆகிவிட்டால் காற்று வாயைப் பலகையால் அடைக்க வேண்டும். கையால் அல்ல.

மாட்டுவது, முதல் ஸ்டார்ட்

துணிகளை எண்ணி எடுங்கள். கேஸ்கெட் அமரும் பரப்பு இரண்டையும் துடையுங்கள். போல்ட்டுகளை நடுவிலிருந்து இருபுறமும் வெளிநோக்கி, இரண்டு சுற்றில் முறுக்குங்கள். கையேட்டில் உள்ள டார்க் அளவே முடிவானது. பொதுவாக எம்6 போல்ட் 8–10, எம்8 போல்ட் 20–25 நியூட்டன் மீட்டர். பிளாஸ்டிக் மேனிஃபோல்டில் இதைத் தாண்டினால் விரிசல். இன்டர்கூலரில் தேங்கிய எண்ணெயை வடித்து, ஹோஸ்களையும் துடைத்த பிறகே இணையுங்கள்.

கூலண்ட் ஊற்றிக் காற்றை வெளியேற்றி, எரிபொருளை பிரைம் செய்து, ஸ்டார்ட் செய்யுங்கள். மிஞ்சிய கரைப்பான் எரிவதால் சில நிமிடம் சாம்பல் நிறப் புகை வரலாம். ஆர்பிஎம்மை ஏற்றாமல் அடங்கும்வரை காத்திருங்கள். பிறகு ஸ்கேனரில் கோடுகளை அழித்து, ஈஜிஆர், த்ராட்டில் ஆகியவற்றின் பழகிய மதிப்புகளை ரீசெட் செய்ய வேண்டும். அடைத்த வால்வுக்குப் பழகிய கம்ப்யூட்டர், சுத்தமான வால்விலும் அதே திறப்பைக் கேட்டால் ஐட்லிங் தடுமாறும். சுத்தம் செய்த பிறகு வண்டி மோசமாகிவிட்டது என்ற புகார் பல நேரம் இந்த ஒரு படியை விட்டதால்தான்.

முன்பு குறித்த அதே நிலையில் காற்றளவை மறுபடி பாருங்கள். ஏறியிருக்க வேண்டும். கரைப்பான் நிறைய பயன்படுத்தியிருந்தால், கொஞ்சம் சிலிண்டர் வழியாகக் கீழே இறங்கியிருக்கும். இன்ஜின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள்.

திரும்பப் படியாமல் இருக்க

ஆவியாதல் குறைந்த ஆயில் தேர்வு செய்யுங்கள். ஐரோப்பிய கார் தயாரிப்பாளர் சங்கமான ஏசிஇஏவின் சி3 தரத்தில் நோவாக் ஆவியாதல் (சூட்டில் ஆயில் எவ்வளவு ஆவியாகிறது என்ற அளவு) 13 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது, சி4 தரத்தில் 11. உங்கள் இன்ஜினுக்கு எது என்பதைக் கையேடு சொல்லும். மேக்ஸ் கோட்டுக்கு மேல் ஆயில் ஊற்றுவது பிரீதருக்கு நேராக எண்ணெயை ஊட்டுவதற்குச் சமம். எண்ணெய் பிரிப்பானில் தனி ஃபில்டர் இருந்தால் அதற்கும் மாற்றும் காலம் உண்டு, பலர் மறந்துவிடுகிறார்கள்.

எண்ணெய் பிடிக்கும் டப்பாவை பிரீதரில் பொருத்துவது பலன் தரும், ஆனால் அது நிரம்பும் முன் வடிக்க வேண்டும். உறையும் குளிர் உள்ள இடங்களில் அதில் சேரும் நீர் உறைந்து வழியை அடைத்தால் கிராங்க்கேஸ் அழுத்தம் ஏறி சீல்கள் பிதுங்கும். ஈஜிஆரைத் தகடு வைத்து அடைப்பது பல நாடுகளில் சட்டவிரோதம். நவீன இன்ஜின்கள் உடனே கண்டுபிடித்து லிம்ப் மோடுக்கும் (சக்தியைக் குறைத்து ஓடும் பாதுகாப்பு நிலை) போய்விடும்.

ஒவ்வோர் ஆயில் மாற்றத்தின்போதும் மேப் சென்சாரைக் கழற்றி அந்தத் துளை வழியாக உள்ளே பாருங்கள். இரண்டு போல்ட், ஐந்து நிமிடம். முனையில் காய்ந்த கறுப்புத் தூள் என்றால் விட்டுவிடலாம். மினுமினுக்கும் ஈரப்பசை என்றால் பிரீதரைச் சோதிக்க வேண்டும்.